தொடையின் வெளிப்பக்கம் எரிகிறது, மதமதக்கிறது: ஜவ்வா, பெல்ட்டா?

கேள்வி | ஜூன் 3, இரவு 9.40

வயது 46, எடை 91 கிலோ, உயரம் 168 செ.மீ. கடைக் கவுண்டரில் நாள் முழுக்க நின்றபடி வேலை. மூன்று மாதமாக வலது தொடையின் வெளிப்பக்கம் மட்டும் எரிச்சல், மிளகாய் அரைத்த கையால் தேய்த்த மாதிரி. விரலால் தொட்டால் மதமதப்பு, ஆனால் பேண்ட் துணி உரசினால் தாங்க முடியவில்லை. 20 நிமிடம் நின்றால் ஆரம்பிக்கும், உட்கார்ந்தால் அடங்கும். முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை, முதுகுவலியும் கிடையாது. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் எல்4-எல்5 (கீழ்முதுகின் நான்காவது, ஐந்தாவது எலும்புகள்) இடையே ஜவ்வு பிதுக்கம் என்று இருக்கிறது. அதுதான் காலில் இறங்குகிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். இரண்டு வாரமாக அகலமான இடுப்பு பெல்ட் போடுகிறேன். போட்ட பிறகு எரிச்சல் கூடியிருக்கிறது. ஜவ்வு இன்னும் விலகுகிறதா?

பதில் | ஜூன் 3, இரவு 11.15

அந்த பெல்ட்டைக் கழற்றி வையுங்கள். எரிச்சல் கூடியதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

தொடையின் வெளிப்பக்கத் தோலுக்கென்று தனியாக ஒரு நரம்பு இருக்கிறது. முதுகெலும்பில் எல்2, எல்3 மட்டத்திலிருந்து கிளம்பி, வயிற்றுக்குள் முதுகெலும்பிலிருந்து தொடைக்கு இறங்கும் சோயஸ் தசையின் ஓரமாக வெளியே வந்து, இடுப்பெலும்பின் உட்பக்கமாகச் சரிந்து இறங்கும். இடுப்பில் கைவைத்து நிற்கும்போது முன்பக்கம் விரலில் தட்டுப்படுகிற எலும்பு முனை இருக்கிறதல்லவா, அதற்குச் சற்று உள்ளே, கவட்டு நார்ப்பட்டைக்கு அடியில் நுழைந்து தொடைக்கு வரும். அந்த வாசல் குறுகலானது. உள்ளே கிட்டத்தட்ட படுக்கைவாட்டில் வந்த நரம்பு அங்கே மடிந்து செங்குத்தாக இறங்குகிறது. நிற்கும்போதும் காலைப் பின்னால் எட்டிவைத்து நடக்கும்போதும் நரம்பு இழுபட்டு நார்ப்பட்டையோடு அழுந்துகிறது. உட்கார்ந்தால் தளர்கிறது. உங்களுக்கு நின்றால் எரிவதும் உட்கார்ந்தால் அடங்குவதும் இதனால்தான். ஜவ்வு வலி பெரும்பாலும் தலைகீழாக நடந்துகொள்ளும், உட்கார்ந்தால்தான் கூடும்.

இந்த நரம்பில் தசையை இயக்கும் இழை ஒன்றுகூடக் கிடையாது, முழுக்கத் தோல் உணர்வு மட்டும். அதனால் எவ்வளவு எரிந்தாலும் காலில் பலம் குறையாது. பேண்ட்டின் பக்கவாட்டுப் பைக்குள் கையை விட்டால் உள்ளங்கை எங்கே படிகிறதோ, ஏறக்குறைய அதுதான் இதன் எல்லை. மருத்துவத்தில் மெரால்ஜியா பாரஸ்தெடிகா என்பார்கள்.

எல்4-எல்5 பிதுக்கம் நரம்பை அழுத்தினால் வழக்கமாகப் பாதிக்கப்படுவது எல்5 வேர், அதாவது அந்த மட்டத்தில் முதுகெலும்பிலிருந்து கிளம்பும் நரம்பின் தொடக்கம். அதன் வலி காலின் வெளிப்பக்கமாக இறங்கி பாதத்தின் மேல்பக்கம், பெருவிரல் வரை போகும். பேண்ட் பையின் அளவில் நின்றுவிடாது. வலியே இல்லாதவர்களுக்கு எடுத்த ஸ்கேன்களைத் தொகுத்து 2015 இல் வந்த ஆய்வில், 20 வயதினரில் 30 சதவீதம், 50 வயதினரில் 60 சதவீதம், 80 வயதினரில் 84 சதவீதம் பேருக்கு ஜவ்வுப் பிதுக்கம் இருந்தது. உங்கள் அறிக்கையில் இருப்பது பொய்யில்லை. இந்த எரிச்சலுக்கு அது காரணமா என்பது வேறு கேள்வி.

அதே எழுத்தாளர் | ஜூன் 4, காலை 6.50

நேற்று அவசரமாக நோயின் பெயரைச் சொல்லிவிட்டேன். அதற்கு முன் கேட்டிருக்க வேண்டியவை சில உண்டு, இவற்றை விட்டுவிட்டு மேலே போகக் கூடாது.

நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் அந்தக் காலின் பலத்தில் எழ முடிகிறதா? மாடிப்படி ஏறும்போது முழங்கால் திடீரென்று மடங்குகிறதா? உட்கார்ந்து முழங்காலை நீட்டி, இன்னொருவர் கணுக்காலை அழுத்தும்போது இரண்டு காலும் ஒரே பலத்தில் எதிர்க்கின்றனவா? இதில் ஒன்றிலாவது பலக்குறைவு தெரிந்தால் நாம் பேசும் நரம்பு மட்டும் காரணமில்லை. தொடைத் தசையை இயக்கும் பெரிய நரம்போ, முதுகிலிருந்து வரும் வேரோ பாதிக்கப்பட்டிருக்கலாம். முழங்கால் அனிச்சையை மருத்துவர் சுத்தியலால் தட்டிப் பார்ப்பதும் இதற்காகவே.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கவட்டில் திடீர் வலி வந்து, தொடையை நீட்ட முடியாமல், முழங்கால் பலமிழந்தால் அது வயிற்றுக்குள் தசையில் ரத்தக் கட்டாக இருக்கலாம், அவசரப் பிரிவுக்குப் போகவேண்டியது. சிறுநீர் போவதில் சிக்கல், ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போவது, இரண்டு காலிலும் பலவீனம் என்றாலும் அப்படியே. காரணமில்லாமல் எடை குறைவது, இரவில் தூங்கவிடாத வலி, அடிவயிற்றில் கட்டி ஆகியவை இருந்தால் வயிற்றையும் இடுப்புக்குழியையும் ஸ்கேன் செய்யாமல் விடக்கூடாது. நரம்பு வாசலில்தான் நசுங்குகிறது என்று முன்கூட்டியே முடிவுகட்டி, வரும் வழியில் ஒரு கட்டி அழுத்துவதைத் தவறவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அதே எழுத்தாளர் | ஜூன் 4, மதியம் 2.30

பலம் சரியாக இருந்தால், வீட்டிலேயே செய்யக்கூடியவை மூன்று.

முதலில் வரைபடம். பஞ்சைத் திரித்து நுனியால் முழங்காலிலிருந்து மேல்நோக்கியும், பிட்டத்திலிருந்து முன்நோக்கியும் மெதுவாக வருடிக்கொண்டே வாருங்கள். உணர்வு மாறும் இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி. 12 புள்ளி வைத்து இணைத்தால் ஒரு நீள்வட்டம் கிடைக்கும். தேதியோடு படம் எடுத்து வையுங்கள். கோடு முழங்காலைத் தாண்டினாலோ, தொடையின் உட்பக்கம் போனாலோ, பின்தொடைக்குப் போனாலோ வேறு நரம்பைத் தேட வேண்டும்.

இரண்டாவது தட்டிப் பார்ப்பது. எலும்பு முனையிலிருந்து சுமார் 1 செ.மீ. உள்ளே, சற்றுக் கீழே, இரண்டு விரலால் பத்துப் பதினைந்து முறை தட்டுங்கள். தொடையில் சுரீரென்று பாய்ந்தால் நரம்பு அங்கே எரிச்சலடைந்திருக்கிறது.

மூன்றாவதற்கு இன்னொருவர் வேண்டும். வலியுள்ள பக்கம் மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுங்கள். அவர் உங்கள் மேல்பக்க இடுப்பெலும்பில் இரண்டு உள்ளங்கையும் வைத்து நேராகக் கீழ்நோக்கி 45 நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். அழுத்தும்போது நார்ப்பட்டை தளரும், எரிச்சல் குறையும். குறைந்தால்தான் சோதனை பொருந்துகிறது என்று அர்த்தம், கூடினால் அல்ல. பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். படுத்தவுடனே எரிச்சல் போய்விடுகிறவருக்கு இந்தச் சோதனையால் பயனில்லை. சிறிது நேரம் நின்று எரிச்சலை வரவழைத்துவிட்டுப் படுக்க வேண்டும். 2007 இல் வெளியான ஆய்வொன்றில் இதன் உணர்திறன் (நோய் உள்ளவரைக் கண்டுபிடிப்பது) 95 சதவீதம், குறிதிறன் (நோய் இல்லாதவரைச் சரியாக விலக்குவது) 93.3 சதவீதம். சிறிய ஆய்வுதான், ஆனாலும் காசில்லாத சோதனைக்கு இது நல்ல கணக்கு.

கேட்டவர் | ஜூன் 5, காலை 8.05

பலம் சரியாக இருக்கிறது. வரைபடம் நீங்கள் சொன்ன மாதிரியே வருகிறது, முழங்காலுக்கு நான்கு விரற்கடை மேலே நின்றுவிடுகிறது. அழுத்தியபோது எரிச்சல் பாதியாகக் குறைந்தது. ஆனால் தட்டியபோது ஒன்றும் இல்லை. அப்படியானால்?

பதில் | ஜூன் 5, காலை 10.20

நேற்று நான் எழுதிய "1 செ.மீ." மேல் நீங்கள் அளவுக்கு மேல் நம்பிக்கை வைக்கும்படி ஆகிவிட்டது. அது சராசரி. இந்த நரம்பு போகும் வழி ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு எலும்பு முனைக்குப் பின்னாலேயே, இடுப்பெலும்பின் விளிம்பைத் தாண்டி வரும். சிலருக்கு நார்ப்பட்டைக்குள்ளேயே புகுந்து வரும். சிலருக்கு எலும்பு முனையிலிருந்து தொடையின் குறுக்கே இறங்கும் சார்டோரியஸ் தசையின் நாணோடு சேர்ந்து போகும், சிலருக்கு இன்னும் பல செ.மீ. உள்ளே தள்ளி இருக்கும். ஒரே இடத்தில் தட்டி ஒன்றும் இல்லை என்றால் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. முனையிலிருந்து உள்நோக்கி 5 செ.மீ. வரை, அரை செ.மீ. இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். எலும்பு விளிம்பின் மேலேயும் தட்டிப் பாருங்கள்.

எலும்பு விளிம்பைத் தாண்டி வருகிறவர்களுக்குத்தான் பெல்ட், நாடா விஷயத்தில் ஆபத்து அதிகம். நரம்புக்கும் பெல்ட்டுக்கும் இடையில் தோலும் கொஞ்சம் கொழுப்பும் தவிர வேறு மெத்தை இல்லை.

அதே எழுத்தாளர் | ஜூன் 5, இரவு 9.00

எது அழுத்துகிறது என்று கண்டுபிடிக்க: இரவு உடை மாற்றும்போது இடுப்பில் தடம் எங்கே விழுந்திருக்கிறது என்று கண்ணாடியில் பாருங்கள். தடம் எலும்பு முனையின் மேலோ அதற்குக் கீழோ ஓடினால் அதுதான் குற்றவாளி.

இறுக்கமான பெல்ட், இடுப்புக்குக் கீழே இறங்கிய ஜீன்ஸ் (2003 இலேயே கனடா மருத்துவ சஞ்சிகை ஒன்றில் இதைப் பற்றிக் கடிதம் வந்திருக்கிறது), காவலர்களும் மின்பணியாளர்களும் கருவி மாட்டும் கனத்த பெல்ட், முன்பையில் திணித்த பெரிய போன், வேட்டிக்கு மேல் இறுக்கும் பச்சை பெல்ட், உள்பாவாடை நாடா, சுடிதார் நாடா, குறுகிப்போன அரைஞாண் கயிறு. நின்றபடி அளந்து போடுவதுதான் தவறு. உட்கார்ந்தால், அதிலும் சாப்பிட்டபின், இடுப்புச் சுற்றளவு கூடும். உட்கார்ந்த நிலையில் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும்.

தொப்பை சரிந்திருப்பவர்களுக்கு பெல்ட் தொப்பைக்குக் கீழே போய்த் தங்கும், அதாவது நேராக எலும்பு முனையின் மேல். அவர்களுக்குத் தோளில் மாட்டும் பட்டை நல்லது. சட்டைக்குள்ளே போட்டுக்கொள்ளலாம். கூச்சப்பட ஒன்றும் இல்லை. வேட்டி கட்டுகிறவர்கள் தொப்புள் மட்டத்துக்கு ஏற்றிக் கட்டி, பெல்ட் இல்லாமல் ஒட்டிக்கொள்ளும் வகைக்கு மாறலாம்.

வாசகர், தையல் தொழில் | ஜூன் 6, மாலை 4.10

உள்பாவாடை பற்றி நான் சொல்கிறேன். நாடா மெல்லிசாக இருப்பதால்தான் அறுக்கிறது, புடவையின் மொத்த எடையும் அந்தக் கயிற்றில்தான் தொங்குகிறது. நாடாவை எடுத்துவிட்டு 2 அங்குல அகலத்தில் துணிப்பட்டி வைத்து, பக்கவாட்டில் கொக்கி இரண்டு வரிசை போடச் சொல்லுங்கள். காலையில் உள்வரிசை, சாப்பிட்ட பின் வெளிவரிசை. பட்டிக்குப் பின்பக்கம் மட்டும் ஒன்றரை அங்குல எலாஸ்டிக் வைத்தால் உட்காரும்போது விரியும், முன்பக்கம் சுருக்கம் விழாமல் கொசுவம் நிற்கும். நாடாதான் வேண்டும் என்றால் முடிச்சை வலியில்லாத பக்கம் போடுங்கள். முடிச்சு எலும்பு மேல் உட்கார்ந்தால் கல் வைத்த மாதிரிதான்.

பதில் | ஜூன் 6, இரவு 8.30

மேலே சொன்னதை இங்கே வரும் பெண்கள் எல்லாரும் படிக்க வேண்டும். ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் நாடா அறுத்த தோல் கறுத்துத் தடித்துப் புண்ணாவதும் உண்டு, அதற்கும் இதே தீர்வுதான்.

அதே எழுத்தாளர் | ஜூன் 9

"இதெல்லாம் புது நோய்" என்று ஒருவர் எழுதியிருந்தார். பெர்ன்ஹார்ட் என்ற ஜெர்மானியர் 1878 இலேயே எழுதினார். 1895 இல் ரஷ்ய மருத்துவர் ரோத் பெயர் வைத்தார், கிரேக்கத்தில் மெரோஸ் என்றால் தொடை, அல்கோஸ் என்றால் வலி. அதே 1895 இல் உளப்பகுப்பாய்வை உருவாக்கிய சிக்மண்ட் பிராய்டு தன் தொடையிலேயே வந்த இதே தொல்லையைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார்.

அதே எழுத்தாளர் | ஜூன் 10

சர்க்கரைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். நிறையவே உண்டு. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு மாவட்டம் முழுவதையும் கணக்கெடுத்தபோது, ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் சுமார் 33 பேருக்கு இது புதிதாக வந்தது. சர்க்கரை உள்ளவர்களில் அது 247, ஏழு மடங்குக்கு மேல். ஏற்கெனவே நலிந்த நரம்பு சிறிய அழுத்தத்தையும் தாங்காது. ஆகவே பெல்ட்டைத் தளர்த்துவதோடு மூன்று மாத சராசரிச் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். ஆனால் சர்க்கரையால் வரும் வழக்கமான நரம்புப் பாதிப்பு இரண்டு பாதத்திலும் ஒரே நேரத்தில் தொடங்கும், ஒரு தொடையில் மட்டும் நிற்காது. சர்க்கரை உள்ளவருக்குத் தொடை வலியோடு தசையும் மெலிந்து எடையும் இறங்கினால் அது வேறு, உடனே நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கு: வயிறு வளரவளர நார்ப்பட்டை இழுபடுவதால் கடைசி மூன்று மாதத்தில் வரும். பிரசவத்துக்குப் பின் சில வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலும் போய்விடும். ஒருக்களித்து, முழங்கால்களுக்கு இடையே தலையணை வைத்துப் படுங்கள். வலி மாத்திரையைத் தானாக வாங்கிப் போடாதீர்கள். ஐபுபுரோபென், டைக்ளோபினாக் வகைகளை 20 வாரத்துக்கு மேல் மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது.

முதுகு அறுவைக்குப் பின் இந்த எரிச்சல் ஏன் வந்தது என்று ஒருவர் கேட்டதற்கு: குப்புறப் படுக்கவைத்துச் செய்யும் அறுவையில் இடுப்பெலும்பின் முனைக்கு அடியில் வைக்கும் தாங்கி மணிக்கணக்கில் அழுத்தும். பெரும்பாலும் தானாக மீளும். இடுப்பெலும்பிலிருந்து எலும்பு எடுத்த அறுவை, முன்பக்கமாகச் செய்யும் இடுப்பு மூட்டு மாற்று, குடலிறக்க அறுவை ஆகியவற்றில் நரம்பே வெட்டுப்படவோ தையலில் மாட்டவோ வாய்ப்புண்டு. அப்படி வந்தால் காத்திருக்காமல் அறுவை செய்தவரிடம் சொல்லுங்கள்.

அதே எழுத்தாளர் | ஜூன் 12

மருந்து. இங்கே பலர் கேட்பது "நரம்பு ஊசி", அதாவது பி12. ரத்தத்தில் பி12 குறைவாக இருந்தால் போட வேண்டியதுதான், மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நீண்ட நாள் சாப்பிடுகிறவர்களுக்குக் குறைய வாய்ப்பும் உண்டு. ஆனால் பெல்ட் அழுத்தும் நரம்பை பி12 விடுவிக்காது. பி6 அதிக அளவில் மாதக்கணக்கில் சாப்பிட்டால் அதுவே நரம்பைக் கெடுக்கும், இதை யாரும் சொல்வதில்லை.

டைக்ளோபினாக் போன்றவை இந்த எரிச்சலுக்குப் பெரிதாக உதவாது. நரம்பு வலிக்கென்று மருத்துவர் எழுதுவது கபாபென்டின், பிரெகாபலின், அமிட்ரிப்டிலின். கபாபென்டினை வழக்கமாக இரவில் 300 மி.கி. என்று தொடங்கி, முதியவருக்கு 100, சில நாளுக்கு ஒருமுறை கூட்டுவார்கள். சிறுநீரகம் பழுதானவருக்கு அளவைக் குறைக்க வேண்டும், ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) பார்க்காமல் எழுதுவது தவறு. வயிற்றெரிச்சலுக்கான அமில எதிர்ப்பு மருந்தோடு சேர்த்து விழுங்கினால் உடம்பில் ஏறுவது குறையும், 2 மணி நேர இடைவெளி வேண்டும். முதல் வாரம் தலைசுற்றும், தூக்கம் வரும், அந்த நாட்களில் வண்டி ஓட்டாதீர்கள், மது தொடாதீர்கள். அமிட்ரிப்டிலின் 10 மி.கி. இரவில் தூக்கமும் தரும், ஆனால் புராஸ்டேட் வீக்கம், கண் அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது.

மேலே பூசுவதில் லிடோகெயின் 5 சதவீத ஒட்டு, 12 மணி நேரம் வைத்து 12 மணி நேரம் எடுத்துவிட வேண்டும், புண்ணில்லாத தோலில் மட்டும். மிளகாயிலிருந்து எடுக்கும் கேப்சைசின் 0.075 சதவீதக் களிம்பு நாளுக்கு மூன்று நான்கு முறை. முதல் வாரம் எரிச்சல் கூடும், அதோடு விட்டுவிடுகிறவர்களே அதிகம். கையைச் சோப்பால் கழுவாமல் கண்ணைத் தொட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மதமதத்த தோலில் வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். சூடு தெரியாமல் கொப்புளம் வந்துவிடும்.

அதே எழுத்தாளர் | ஜூன் 14

ஒருவர் தனியாகக் கேட்டபோது "முன்தொடையையும் இடுப்பையும் நீட்டும் பயிற்சி செய்யுங்கள்" என்று சொல்லியிருந்தேன். அதை மாற்றிக்கொள்கிறேன். எரிச்சல் கடுமையாக இருக்கும் முதல் இரண்டு மூன்று வாரம் வேண்டாம். காலைப் பின்னால் நீட்டுவதே நரம்பை இழுக்கிற அசைவு, கோபத்தில் இருக்கும் நரம்பை மேலும் சுண்டிவிட்ட மாதிரி ஆகும். சூரிய நமஸ்காரத்தில் ஒரு காலைப் பின்னுக்கு நீட்டும் நிலை, புஜங்காசனம், தனுராசனம் மூன்றையும் தற்காலிகமாக விடுங்கள். வெறுந்தரையில் குப்புறப் படுத்தாலே எலும்பு முனை அழுந்தும்.

முதலில் செய்ய வேண்டியது எளிது. மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியில் தலையணை. கவுண்டரில் நிற்கிறவர் 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் ஒரு பலகை வைத்து, வலியுள்ள காலை அதில் தூக்கி வைத்துக்கொள்ளலாம். இடுப்பு மடங்கி நரம்பு தளரும். நடக்கும்போது எட்டுகளைச் சுருக்குங்கள், நடையை நிறுத்தாதீர்கள்.

எரிச்சல் பாதியான பிறகு: மல்லாந்து முழங்கால் மடக்கி, அடிவயிற்றை இறுக்கி இடுப்பைத் தூக்கி 5 நொடி, 10 முறை. அது பழகிய பின், ஒரு முழங்காலை மெத்தையில் ஊன்றி இடுப்பை மெல்ல முன்னால் தள்ளும் நீட்டல் 20 நொடி, மூன்று முறை. முதுகை வளைத்துத் தள்ளினால் நீளுவது முதுகுதான், தொடையின் முன்பக்கம் அல்ல. எரிச்சல் தொடங்கும் எல்லைக்கு முன்பே நிறுத்துங்கள்.

வாசகர், மயக்கவியல் மருத்துவர் | ஜூன் 20, இரவு 10.45

ஊசி பற்றி யாரும் சரியாகச் சொல்லவில்லை. அழுத்தத்தை நீக்கி, மருந்து கொடுத்து, ஆறு வாரம் தாண்டியும் தூங்க முடியவில்லை என்றால் நரம்பைச் சுற்றி மரப்பு மருந்தும் ஸ்டீராய்டும் போடலாம். அல்ட்ராசவுண்டில் பார்த்துத்தான் போட வேண்டும், மேலே சொன்னபடி நரம்பு ஆளுக்கு ஆள் இடம் மாறும். நார்ப்பட்டைக்குப் பக்கத்தில் தேடினால் எளிதில் கண்ணுக்குச் சிக்காது. எலும்பு முனைக்குச் சில செ.மீ. கீழே, சார்டோரியஸ் தசைக்கும் அதன் வெளிப்பக்கத் தசைக்கும் நடுவே கொழுப்பு நிரம்பிய ஒரு சிறிய பள்ளம் தெரியும், நரம்பு அதில் தனித்துக் கிடக்கும். அங்கே பிடித்து மேல்நோக்கிப் பின்தொடர்வதே வழி. சில மி.லி. போதும். அளவு கூடினால் மருந்து தொடையின் பெரிய நரம்பு வரை பரவி முழங்கால் சில மணி நேரம் மடங்கும். அன்று நோயாளி தானே வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது, படியில் தனியாக இறங்கக் கூடாது.

மரப்பு மருந்து வேலை செய்யும் அந்தச் சில மணி நேரத்தில் எரிச்சல் முழுக்கப் போனால், நோய் எங்கே என்பதும் உறுதியாகிவிடும். போகவில்லை என்றால் முதுகையும் வயிற்றையும் மறுபடி பார்க்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டுக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறும், வீட்டில் அளந்து பாருங்கள். தோலுக்கு அருகில் போட்டால் அங்கே வெளுத்துக் குழி விழலாம், நம் நிறத்தில் அது நன்றாகவே தெரியும். இதைச் சொல்லிவிட்டே போட வேண்டும்.

பதில் | ஜூன் 21

நன்றாகச் சொன்னீர்கள். ஒன்று சேர்க்கிறேன்: நரம்புக் கடத்தல் பரிசோதனையை (தோல் வழியாக லேசாக மின்சாரம் கொடுத்து நரம்பில் ஓடும் அலையைப் பதிவு செய்வது) இதற்கு நம்பி இருக்க வேண்டாம். பருமனானவர்களுக்கு நல்ல பக்கத்திலேயே அலை கிடைக்காது. இரண்டு பக்கமும் எடுத்து ஒப்பிட்டால்தான் பொருள். ஒரு பக்கம் மட்டும் எடுத்து "அலை இல்லை" என்று வந்த அறிக்கைக்கு மதிப்பில்லை.

அறுவை பற்றி. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் கோக்ரேன் தொகுப்பில் இந்த நோய்க்கு எந்தச் சிகிச்சைக்கும் குலுக்கல் முறை ஆய்வு (யாருக்கு எந்தச் சிகிச்சை என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்து ஒப்பிடுவது) கிடைக்கவில்லை. தொடர்ந்து பார்த்த நோயாளிகளின் கணக்கு மட்டும் இருந்தது. எதுவும் செய்யாமல் தேறியவர்கள் 29 இல் 20, ஊசியில் 157 இல் 130, நரம்பை விடுவித்த அறுவையில் 300 இல் 264, நரம்பை வெட்டிய அறுவையில் 48 இல் 45. இதை வைத்து வெட்டுவதே சிறந்தது என்று படிக்கக் கூடாது, நான்கும் ஒரே வகை நோயாளிகள் இல்லை. எனக்குப் படுவது, 10 பேரில் ஏறக்குறைய 7 பேர் கத்தியே இல்லாமல் தேறும் நோயில் அவசரப்படக் கூடாது.

விடுவிக்கும் அறுவையில் நார்ப்பட்டையை வெட்டி நரம்புக்கு இடம் கொடுப்பார்கள், உணர்வு திரும்ப வாய்ப்புண்டு. தோற்பது பெரும்பாலும் நரம்பு கிடைக்காததால், அல்லது ஓரிடத்தில் விடுவித்து இன்னோரிடத்தில் விட்டுவிடுவதால். வெட்டி எடுத்தால் வலி போவது உறுதிக்கு அருகில், ஆனால் உள்ளங்கை அளவு தோல் நிரந்தரமாக மரத்துவிடும். வெட்டிய முனையை இடுப்புக்குழிக்குள் பின்வாங்க விட வேண்டும், இல்லையென்றால் முனையில் நரம்புக் கட்டி வளர்ந்து பழைய வலியைவிட மோசமாகும். வெட்டச் சம்மதிக்கும் முன் மரப்பு ஊசி போட்டு அந்த மரப்போடு ஒரு நாள் இருந்து பாருங்கள். எரிச்சலைவிட அது தேவலை என்று தோன்றினால் மட்டும் மேலே போகலாம்.

அதே எழுத்தாளர் | ஜூன் 28

இத்தனை நாள் எழுதியும் இரண்டு விஷயம் விட்டுப்போயிருக்கிறது, இரண்டும் நம் ஊரில் முக்கியம்.

தொடையில் மரத்த இடத்தில் தோல் வெளுத்தோ சிவந்தோ படையாக இருந்தால், முடி உதிர்ந்து வியர்க்காமல் இருந்தால், தொழுநோயா என்று பார்த்தே ஆக வேண்டும். நாம் பேசும் நரம்பு நசுங்கினால் தோலின் நிறம் அப்படி மாறாது. தொழுநோய் முழுக்கக் குணமாகும், கூட்டு மருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். வெட்கப்பட்டுக் காலம் கடத்தினால்தான் கைகால் ஊனம் வரும்.

இன்னொன்று அக்கி. கொப்புளம் வருவதற்கு நான்கைந்து நாள் முன்பே இதே மாதிரி எரியும். எரிச்சல் திடீரென்று தொடங்கி ஒரு வாரத்துக்குள் இருந்தால் தினமும் வெளிச்சத்தில் தோலைப் பாருங்கள். கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மருந்து தொடங்கினால்தான் முழுப் பலன்.

கேட்டவர் | ஜூலை 8

ஐந்து வாரம். பெல்ட் இல்லை, தோளில் மாட்டும் பட்டைதான். பலகையில் கால் வைத்து நிற்கிறேன். 20 நிமிடத்தில் வந்த எரிச்சல் இப்போது இரண்டு மணி நேரம் கழித்து லேசாக. துணி உரசுவது பரவாயில்லை. ஆனால் மதமதப்பு அப்படியே இருக்கிறது, வரைபடம் ஒரு விரற்கடைதான் சுருங்கியிருக்கிறது. நடுவில் அரிப்பு வேறு. கபாபென்டின் மாத்திரை இரவு 300 மி.கி., வேலை செய்வதால் நாளையிலிருந்து நிறுத்தலாமா?

பதில் | ஜூலை 8, இரவு 9.50

போகும் வரிசையே அப்படித்தான். எரிச்சல் முதலில், உரசல் கூச்சம் அடுத்து, மதமதப்பு கடைசியில். நரம்பின் மேலுறை மட்டும் நசுங்கியிருந்தால் வாரங்களில் ஆறும். உள்ளிழை அறுந்திருந்தால் அது வாசலிலிருந்து மறுபடி வளர்ந்து வர வேண்டும், வேகம் நாளுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. கவட்டிலிருந்து நடுத்தொடை 20 செ.மீ. என்றால் 200 நாள். அரிப்பு பெரும்பாலும் உணர்வு திரும்பும்போது வருவது. சொறியாதீர்கள், மரத்த தோலில் நகம் ஆழமாகப் பட்டாலும் தெரியாது. தேங்காயெண்ணெய் தடவினால் போதும்.

வரைபடத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுங்கள், அதைவிட அடிக்கடி எடுத்தால் மாற்றம் தெரியாமல் மனசுதான் சோர்ந்துபோகும். எடையில் 4, 5 கிலோ இறங்கினாலும் பெல்ட் தடம் விழும் இடம் மாறிவிடும்.

மாத்திரையை நாளையே நிறுத்த வேண்டாம். எழுதிக் கொடுத்தவரிடம் கேட்டு, குறைந்தது ஒரு வாரமாவது எடுத்துப் படிப்படியாகக் குறையுங்கள். குறைக்கும்போது எரிச்சல் திரும்பினால் முந்தைய அளவிலேயே இரண்டு வாரம் இருந்துவிட்டு மறுபடி முயலலாம். அந்த இடுப்பு பெல்ட்டை வேறு யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். வாங்குகிறவருக்கு முதுகில் என்ன, தொடையில் என்ன என்று தெரியாமல் அது போய்ச் சேரக் கூடாது.